நெடுந்தீவில் அறை பிடித்த கதை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் கணவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, நான் பண்டாரவளைக்குப் போயிருக்கிறேனா என்பதுதான். இல்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கலியாணம் முடிந்து மூன்றாம் வாரம் அந்த மலைநாட்டு ஊருக்கு றெயில் ஏறியபோதுதான் விளங்கியது. பார்க்காத ஒருத்திக்கு எல்லாவற்றையும் தானே காட்டலாம் என்று அவர் அன்றைக்கே சந்தோஷப்பட்டிருக்கிறார்.

அவர் சாவகச்சேரி நீதிமன்றத்தில் கிளாக்கராக இருந்தார். அந்தக் கந்தோரில் யார் விடுமுறைக்கு எங்கே போவதென்றாலும் முதலில் அவருடைய மேசைக்குத்தான் வருவார்கள். அரசாங்க உத்தியோகத்தருக்கு வருடத்தில் சில தடவை இலவசமாக றெயிலில் போக வாரண்ட் கிடைக்கும். அதில் ஒன்றையும் அவர் வீணாக்கியதில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் வலது பக்க ஜன்னலோரம் இருக்க வேண்டும். பட்டிப்பொலைக்கு அப்பால் ஒரு சுரங்கம் வரும். அதற்குள் நுழையும்போது மழை பெய்தால் வெளியே வரும்போது வெயில் எறிக்கும், ஆகவே கமராவைப் பைக்குள் வைக்கக்கூடாது. விடுதிக்கு எழுதும்போது முத்திரை ஒட்டிய உறை ஒன்றைக் கூடவே வைத்து அனுப்ப வேண்டும். நல்ல அறை வேண்டும் என்று எழுதினால் எந்த அறையையும் நல்ல அறை என்று சொல்லிவிடுவார்கள். சமையற்கட்டுக்குத் தூரமான அறை என்று எழுத வேண்டும். இப்படி நூறு விஷயங்கள். எல்லாம் ஒரு நீளக் கொப்பியில் இருந்தன. பாதிக்கு மேல் றெயிலில் எதிர் ஆசனத்தில் இருந்தவர்கள் சொன்னவை. அவர் முன்பின் தெரியாதவர்களோடு பேச்சுத் தொடங்குவதே அதற்காகத்தான். தான் ஒன்று சொல்லுவார், அவர்களிடமிருந்து ஒன்று வாங்குவார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணியில் நுவரெலியாவுக்குப் போவதென்று இரவுத் தபால் வண்டியில் இரண்டு படுக்கைகள் பதிவு செய்திருந்தோம். ஆடியில் கலவரம் வந்தது. கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு நான் படிப்பித்த பாடசாலையிலும் சோறு சமைத்தோம். என் கணவர் அந்த இரண்டு றெயில் ரிக்கற்றுகளையும் திருப்பிக் கொடுக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை. கொப்பியை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். கந்தோரில் அவருடைய மேசைக்கு யாரும் வருவதில்லை என்று ஒருநாள் சும்மா சொல்வதுபோலச் சொன்னார்.

அடுத்த வருடம் முதலாந் தவணை விடுமுறைக்கு ஒன்றரை மாதம் இருந்தபோது, நெடுந்தீவுக்குப் போவோமா என்று நான் கேட்டேன். அவர் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், அங்கே என்ன இருக்கிறது என்றார். என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது, அதனால்தான் கேட்டேன் என்றேன். மூன்றாம் நாள் பார்த்தால் கொப்பி மேசையில் இருந்தது. கந்தோரில் ஒருவருடைய சொந்தக்காரர் தீவில் வசதியான வீட்டில் இருக்கிறாராம், அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். முத்திரை ஒட்டிய உறையும் கூடவே போனது. பத்து நாளில் பதில் வந்தது. முன் அறை உங்களுக்குத்தான், சந்தோஷமாக வாருங்கள் என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

பெட்டி அடுக்கியது அவர்தான். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மலைநாட்டுப் பயணத்துக்கென்று எப்போதோ எழுதிய ஒரு பட்டியல் உண்டு; அதைப் பார்த்துத்தான் எப்போதும் அடுக்குவார். ஆகவே பங்குனி வெயிலில் நெடுந்தீவுக்குப் போகிற பெட்டிக்குள் இரண்டு சுவெற்றர்களும் ஒரு மப்ளரும் போயின. நான் பார்த்தும் வாய் திறக்கவில்லை. அவர் மறுபடி பெட்டி அடுக்குகிறாரே, அது போதும் என்றிருந்தது.

யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து புங்குடுதீவு வழியாகப் பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் போனோம். தீவுக்குப் போகும் லோஞ்ச் படகு வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. தேத்தண்ணிக் கடையின் நிழலில் வாங்குப் பலகையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்தக் கணவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பருத்த உடம்பு, கரகரத்த குரல். தேத்தண்ணிக்குச் சீனி குறைவு என்று அவர் சொன்னது இறங்குதுறை முழுவதும் கேட்டது. குருநகரில் மீன் ஏலம் கூறுகிறவராம். இருபது வருடமாகக் கூறிக் கூறித் தொண்டை அப்படி ஆகிவிட்டதென்று அவரே சொன்னார். மனைவி நெட்டையாக, மெலிவாக இருந்தா. அதிகம் பேசவில்லை. அவவுக்கு நெடுந்தீவில் ஒரு சித்தி இருப்பதால் வருடத்தில் இரண்டு தடவையாவது போய் வருவார்களாம்.

எங்கே தங்கப்போகிறோம் என்று அவர் கேட்டார். என் கணவர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினார். அவர் அதைத் தூரத்தில் பிடித்து வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வந்து எத்தினை நாள்?"

"மூண்டு கிழமை."

"தீவுக்குக் கடிதம் போடுறது நல்லது, ஐயா. ஆனால் வெளிக்கிட முதல்நாள் லோஞ்சிலை போற ஆரிட்டையும் வாயாலை சொல்லி விடோணும். அங்கை அதுதான் நடைமுறை."

"நான் பதினைஞ்சு வருசமா கடிதம் எழுதித்தான் அறை எடுக்கிறன். ஒருக்காலும் பிழைச்சதில்லை" என்றார் என் கணவர்.

அப்படித்தான் போட்டி தொடங்கியது. ஏலக்காரர் தலைமன்னாரைச் சொன்னால் இவர் ஹப்புத்தளையைச் சொன்னார். அவர் மடுக் கோயில் திருவிழாவுக்குக் கூடாரம் அடிக்க நல்ல இடம் எது என்றார். இவர் எல்ல சந்தியில் எந்தக் கடையில் சாப்பிடலாம் என்றார். தேத்தண்ணிக் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு மாதமாகச் சத்தமில்லாமல் இருந்த மனிதர் இப்படிப் பேசுவதை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லோஞ்ச் வந்தபோது ஏலக்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக் காதோடு சொன்னா: "தங்கச்சி, முன்னுக்குப் போகாதேங்கோ. பின்பக்கமா நடுவிலை இருங்கோ. கிட்டத் தண்ணியைப் பாக்காமல் தூரத்திலை கரையைப் பாருங்கோ." நான் அவவோடு போய் இருந்தேன். என் கணவர், எந்த வண்டியிலும் முன் ஆசனத்தில்தான் காட்சி நன்றாகத் தெரியும் என்று சொல்லி முன்னால் போனார். கால்வாசித் தூரத்தில் முதல் அலை அவரை நனைத்தது. பாதித் தூரத்தில் காலைச் சாப்பாடு கடலுக்குப் போனது. ஏலக்காரர் எழுந்து போய் அவருடைய தோளைப் பிடித்தபடி பின்னால் கூட்டிக்கொண்டு வந்து எங்களுக்கு நடுவில் இருத்தினார்.

தீவில் இறங்கி அந்த வீட்டைத் தேடிப் போனோம். கல்வேலிப் படலையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. வாசலில் இருபது சோடி செருப்பு. வீட்டுக்காரரின் மகளுக்குச் சட்டென்று சம்பந்தம் பொருந்தி, அடுத்தநாள் நிச்சயதார்த்தமாம். எங்களுக்கு மறுபடி கடிதம் எழுதினாராம். அது நாங்கள் புறப்பட்ட பிறகுதான் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். முன் அறையில் மாப்பிள்ளை வீட்டுக் கிழவிகள் ஐந்துபேர் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பாவம், எங்கள் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, வைக்க இடம் தேடி வீட்டைச் சுற்றி வந்தார். கலியாண வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று நான் சொன்னேன். பலகாரத் தட்டு ஒன்றை என் கையில் தந்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பினார்.

கல்வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு மாட்டு வண்டில் நின்றது. ஏலக்காரரும் மனைவியும் அதில் ஏறாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். நிச்சயதார்த்த விஷயம் அவர்களுக்குத் தீவில் இறங்கிய துறையிலேயே தெரிந்துவிட்டதாம். உங்களுக்கு முதலே சொல்லியிருந்தால் ஐயா நம்பியிருக்க மாட்டார், போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று நின்றோம் என்று அக்கா சொன்னா. நான் அப்போதே அவவை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

அவர்களுடைய சித்தி வீட்டில் நான்கு நாள் இருந்தோம். சுண்ணாம்பு பூசிய சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் பனைகளும் அதற்கப்பால் கடலும். நாங்கள் சைவ சமயத்தார், வெள்ளிக்கிழமையில் மீன் மச்சம் தொடுவதில்லை என்று அக்கா முதலே சொல்லி வைத்திருந்தா. சித்தி வெள்ளிக்கிழமைக்கென்று புதுச்சட்டி வாங்கி முருங்கைக்காய் சமைத்தா. மற்ற மூன்று நாளும் நாங்கள் சாப்பிட்ட மீனை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது.

ஏலக்காரரின் யோசனைகள் கடிகாரம் பார்த்துச் சொல்வதுபோல இருந்தன. தீவின் காட்டுக் குதிரைகளைப் பார்க்க வேண்டுமென்றால் வெயில் ஏற முதல் தெற்கு வெளிக்குப் போக வேண்டும். தண்ணீர் குடிக்க வரும்போது நிற்கும், கிட்டப் போகாமல் இருந்தால் போகாது. அடிமரம் பருத்த அந்தப் பழைய பெருக்கு மரத்தைப் பின்னேரம் பார்க்கலாம், அது எங்கேயும் ஓடாது. கோட்டைக்குப் போகிறவர்கள் போத்தலில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், வழியில் உள்ள கிணற்றுத் தண்ணீர் உப்பு. முதல்நாள் என் கணவர் இவற்றைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் காலையில் தெற்கு வெளியில் இருபது, முப்பது குதிரைகள் ஒன்றாகத் தலையைக் குனிந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்தோம். குட்டி ஒன்று எங்களைப் பார்த்தபடி தாயைச் சுற்றிச் சுற்றி வந்தது. என் கணவர் அசையாமல் நின்றார். திரும்பி வரும் வழியில் கொப்பியை எடுத்து, ஏலக்காரரை நிறுத்தி, "அண்ணை, எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனாங்கள்?" என்று கேட்டு எழுதினார். ஐயாவுக்கு இப்போது நான் அண்ணையாகிவிட்டேன் என்று ஏலக்காரர் அக்காவிடம் சொன்னாராம்.

மூன்றாம் நாள் பின்னேரம் வெயில் தணிந்தபின் நால்வரும் கடற்கரையில் இருந்தோம். ஏலக்காரர் மணலைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார்.

"நுவரெலியாவுக்கு எப்பிடிப் போறது?" என்று கேட்டார்.

என் கணவர் அவரைப் பார்த்தார். "இப்ப ஏனண்ணை அது?"

"நான் ஒருக்காலும் போகேல்லை. மீன் படுற நேரம் லீவில்லை. லீவு கிடைச்ச நேரம் பிள்ளையளுக்குச் சோதினை. இப்ப பாதையும் சரியில்லை. போறதுக்குக் கேக்கேல்லை, ஐயா. தெரிஞ்சு வைப்பம்."

என் கணவர் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். அந்த இரண்டு ரிக்கற்றுகளை நினைத்தாரோ என்னவோ. பிறகு தொடங்கினார். கொழும்பில் எந்த மேடையில் நிற்க வேண்டும், பெட்டி நிற்கும் இடம், வலது பக்க ஜன்னல், எந்த ஸ்ரேசனில் வடை சூடாக இருக்கும், நானுஓயாவில் இறங்கியதும் வான்காரரிடம் முதலில் என்ன கேட்கக்கூடாது. ஏலக்காரர் நாளைக்கே புறப்படுகிறவர் போல இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பிள்ளைகளுக்கும் படுக்கை வேண்டுமா? குளிர் என்றால் நம்முடைய மார்கழிக் குளிர் மாதிரியா? என் கணவர் எழுந்து வீட்டுக்கு நடந்தார். சுவெற்றர் ஒன்றுடன் திரும்பி வந்தார். ஏலக்காரர் அதைப் போட்டுக்கொண்டு நெடுந்தீவு மணலில் இருந்தபடி மிச்சப் பயணத்தைக் கேட்டார். கழுத்தால் வேர்வை ஓடியது. கழற்றவில்லை. அக்கா சிரித்துச் சிரித்து என் மடியில் சாய்ந்துவிட்டா.

நாங்களும் ஏதாவது தர வேண்டுமே. ஆனியில் எங்கள் ஊருக்கு வரச் சொன்னேன். எங்கள் தென்மராட்சிப் பலாப்பழத்தை மரத்தடியிலேயே வெட்டிச் சாப்பிடாதவர் பலாப்பழம் சாப்பிட்டதாகச் சொல்லக்கூடாது என்றேன். எந்த பஸ், எங்கே இறங்குவது எல்லாம் சொன்னேன். பழம் சாப்பிட்ட கையோடு பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதையும் சொன்னேன். வருவதற்கு முன் ஒரு தபாலட்டை போட்டால் போதும் என்று என் கணவர் சேர்த்துச் சொன்னார்.

ஆனி வந்தது. தபாலட்டை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கிணற்றுக்குள் இறங்கிச் சேறு அள்ளிக்கொண்டிருந்தார். நான் மேலே நின்று வாளியை இழுத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் திரும்பிய நேரம், மூன்று வீடு தள்ளி இருக்கும் மாமி வந்தா. அவவுடைய கணவரும் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், இரண்டு பேரும் தனியே இருந்தார்கள். கொஞ்சம் கறுத்தக் கொழும்பான் மாம்பழம் இருந்தால் தரச் சொல்லிக் கேட்டா.

"ஆரும் வந்திருக்கினமோ, மாமி?"

"ஓம் பிள்ளை. குருநகரிலையிருந்து நாலுபேர். ஆரெண்டுதான் விளங்கேல்லை. நல்ல சனம்."

வாளிக் கயிறு என் கையிலிருந்து நழுவியது. கீழேயிருந்து சத்தம் வந்தது.

நடந்தது இதுதான். ஏலக்காரர் தன் வழக்கப்படி, எங்கள் பக்கம் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரிடம், கிளாக்கர் ஐயா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்கள் ஊரில் கிளாக்கர் மூன்றுபேர். மீன்காரர் தனக்குத் தெரிந்த கிளாக்கரிடம் சொல்லிவிட்டார். மாமிக்கும் மாமாவுக்கும் தலைகால் புரியவில்லை. ஆனால் வருகிறவர்களை யாரென்று கேட்டுச் சமைக்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. விடியவே எழுந்து பதினொரு கறியோடு சமைத்திருக்கிறார்கள். பஸ்ஸால் இறங்கி கிளாக்கர் வீடு எது என்று கேட்டவர்களை ஊர்ச்சனம் நேரே அங்கே கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறது. வந்தவர்கள் அவர்களை என் மாமனார் மாமியார் என்று நினைத்துவிட்டார்கள். நாங்கள் எங்கோ வெளியே போயிருக்கிறோம், வருவோம் என்று நினைத்துச் சாப்பிட்டும் முடித்திருந்தார்கள்.

என் கணவர் கிணற்றிலிருந்து ஏறி, முழங்கால்வரை சேற்றோடு அப்படியே ஓடினார். நான் மாம்பழப் பெட்டியோடு பின்னால் போனேன். ஏலக்காரர் மாமாவுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சேற்றோடு வந்தவரை முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"அண்ணை, ஒரு தபாலட்டை போட்டிருக்கலாமே" என்றார் என் கணவர். மூன்று மாதமாகக் காத்திருந்த வசனம் அது, மெதுவாகத்தான் சொன்னார்.

ஏலக்காரர் மாமாவைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். விஷயம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "போட்டிருந்தால் இந்த ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாமல் போயிருக்கும்" என்றார்.

மாமாதான் முதலில் சிரித்தார். சத்தமாகச் சிரிக்கும் மனிதர் அல்ல அவர். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கும் நிற்க வேண்டும் என்றா. பிறகு எல்லோருமாக எங்கள் வீட்டு வளவுக்கு வந்து, பலாமரத்தடியில் பாய் விரித்து இரண்டு பழம் வெட்டினோம். கையெல்லாம் பால் ஒட்ட, அக்காவின் இரண்டு மகள்களும் நல்லெண்ணெய் பூசிப் பூசிக் கழுவினார்கள். மாமா தான் காங்கேசன்துறையில் வேலை செய்த காலத்தில் கீரிமலைக் கேணிக்கு எந்த நேரம் போனால் சனம் இருக்காது என்பதை ஏலக்காரருக்குச் சொன்னார். என் கணவர் அதையும் எழுதினார்.

அந்த வருடத்தின் மீதியும் அடுத்த வருடமும் இப்படியே போயின. அவர்கள் ஒரு இடம் சொன்னால் நாங்கள் போவோம், போய் வந்து சொல்லுவோம். கந்தோரில் அவருடைய மேசைக்கு மறுபடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்திலிருக்கும் கீரிமலைக்கும் காரைநகர்க் கடற்கரைக்கும் போக என்ன யோசனை இருக்கிறதென்று சிலர் முதலில் சிரித்தார்களாம். கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து வேறு இடம் கேட்டார்களாம். பிறகு அந்தப் பாதைகளிலும் போக முடியாத காலங்கள் வந்தன. ஒன்று அடைத்தால் இன்னொன்று கொஞ்சநாள் திறந்திருக்கும், திறந்ததில் போனோம்.

ஒரு தடவை ஆண்கள் இருவரும் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மணற்காட்டுக்குப் பருத்தித்துறை வழியாகப் போவதா, வல்லிபுரக் கோயில் வழியாகப் போவதா என்று வாதம். ஒரு கிழமையாகியும் முடியவில்லை. அக்கா ஒரு காலையில் எங்கள் படலையில் வந்து நின்றா. கையில் சோற்றுப்பொதி இரண்டு. "வாறியளோ, தங்கச்சி?" என்றா. நான் சாறியை மாற்றிக்கொண்டு வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை, எங்கேயும் எழுதவில்லை. வந்த பஸ்ஸில் ஏறினோம். மணற்காட்டில் மணல் திட்டியின் உச்சியில், சவுக்கு நிழலில் இருந்து சோற்றுப்பொதியை அவிழ்த்தபோது பன்னிரண்டு மணி. அக்கா மணலில் காலை நீட்டி, கடலைப் பார்த்தபடி, உப்புக் காணாது என்று சொல்லிக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டா. பின்னேரம் மூன்று மணிக்கு மேல்தான் எழுந்தோம்.